லாந்தர்பேட்டை, ஆறாம் பக்கம்

சந்தனமும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசனை. போன வாரம் அலமாரியைக் காலி செய்தபோது அடித்தட்டிலிருந்து எழுந்து வந்து என் மூக்கின் நுனியில் உட்கார்ந்துகொண்டது. பழைய மின்கட்டண ரசீதுகளுக்கும் பரிசு இல்லை என்று வந்த கடிதங்களுக்கும் நடுவில், வழவழவென்று ஒரு பிரவுச்சர். வாசனை அதனுடையது.

அந்த வாசனைக்கு ஒரு வரலாறு உண்டு. நான் அப்போது வேலை பார்த்த அடுக்குமாடிக் கம்பெனிக்கு மும்பையிலிருந்து ஒரு வாசனை நிபுணர் வந்தார். ஆறு சின்னக் குப்பிகளை மேசைமேல் வரிசையாக வைத்து எங்களை முகரச் சொன்னார். பழம்பெருமை எப்படி மணக்க வேண்டும் என்று நாங்கள் ஏழு பேர், சம்பளம் வாங்கிக்கொண்டு, மதியம் முழுக்க விவாதித்தோம். அசல் மண்ணெண்ணெய் ஏழை வீட்டு அடுப்படியை ஞாபகப்படுத்துகிறது என்று சேர்மன் மூக்கைச் சுளித்தார். அதனால் சந்தனம் சேர்த்தார்கள். பணக்காரர்களுக்குக் கடந்த காலம் வேண்டும். அதில் கரி மட்டும் இருக்கக் கூடாது.

விளம்பர எழுத்துக்கு இப்போது வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். தொழில் நுணுக்கம் எதுவும் இதில் இல்லை. ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்லப்போகிறேன்.

முதல் நாள்

ஆபீஸ் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்தது. அங்கே நின்ற ஒரு பழைய பங்களாவை இடித்து, கண்ணாடிக் கட்டடம் எழுப்பி, இடித்த பங்களாவின் புகைப்படத்தை ரிசப்ஷனில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அந்தக் கம்பெனியைப் புரிந்துகொள்ள அந்த ஒரு படமே போதும். எனக்குத்தான் அன்று புரியவில்லை. அடுகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பில், படம் அழகாக இருக்கிறது என்று மட்டும் நினைத்தேன்.

பிராண்டிங் ஹெட் பிரவீணுக்கு என்னைவிடப் பதினெட்டு வயது குறைவு. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன்.

"நீங்க போயட்டாமே சார்?"

"வசன கவிதை எழுதுவேன்."

"அப்படின்னா?"

"கவிதைதான். வரி மட்டும் உடையாது."

"பெர்ஃபெக்ட் சார். பிரவுச்சரும் அதேதான்."

வேலை இதுதான். மர்பி டவுனுக்கும் அல்சூருக்கும் நடுவில் கம்பெனி ஒரு நிலம் வாங்கியிருந்தது. இரண்டு டவர் எழப்போகிறது. ரெகார்டில் அந்த இடத்தின் பெயர் சுபோதயா லேஅவுட். எப்போதோ யாரோ ஒரு மேப்பில் வைத்த பெயர். வைத்தவர்கள் யாரும் அங்கே குடியிருந்ததில்லை.

"சுபோதயான்னா உர மூட்டை பேர் மாதிரி இருக்கு சார்," என்றார் பிரவீண். "ஓல்டா, கண்டோன்மென்ட் ஃபீலோட ஒரு பேர் வேணும். தேடுங்க."

பெயர் கிடைத்தது

நிலத்தின் முன்பக்கம், வீடு வாங்க வருபவர்களுக்காக ஒரு ஷெட் போட்டு, அதற்கு எக்ஸ்பீரியன்ஸ் சென்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் அங்கே உட்கார்ந்து இரண்டு நாளாக வெள்ளைத் தாளை முறைத்துக்கொண்டிருந்தேன். தரை துடைக்க வரும் அம்மாவின் பெயர் தனபாக்கியம். என் வயதுதான் இருக்கும். மாப்பை என் நாற்காலியின் காலில் இடித்து நிறுத்தினார்.

"இன்னா சார், நேத்திலேர்ந்து அதே பேப்பரயே பார்த்துனு கீறீங்க? அது ஓடிப்போயிடுமா?"

"இந்த சுபோதயா லேஅவுட்டுக்கு ஒரு பழைய பேரு வேணும்மா."

"சுபோதயாவா? அது யாரு?"

"இந்த இடம்தான்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கெட் தண்ணீர் கொஞ்சம் தளும்பியது. "இது லாந்தர்பேட்டை சார். சுபோதயான்னு சொல்லி ஆட்டோ ஏறுனீங்கன்னா ஹெப்பாள்ல கொண்டுபோய் இறக்கிவுட்டுருவான்."

ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். நிலத்தின் வடக்கு மூலையில் இருபத்தாறு வீடுகள். நீல நிறம் பூசிய ஒரு சின்ன புத்த விகாரை, ஒரு குழாயடி. தெரு முனையில், முழங்கால் உயரத்தில், துருப்பிடித்த இரும்புத் தூணின் மிச்சம். அதன்மேல் யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.

"கரண்ட் வர்றதுக்கு முன்னால கண்டோன்மென்ட் பூரா வெளக்கேத்துனது எங்க ஆளுங்கதான். எங்க மாமனாரோட தாத்தாவுக்கு அதான் வேல. ஏணி தோள்ல, எண்ண டின்னு கையில. வெள்ளக்காரன் ஊட்டு வாசல்ல எல்லாம் ஜெகஜோதி. எங்க தெருவுல மட்டும் இருட்டு."

"அப்ப இந்தத் தூண்?"

"கேட்டு கேட்டு, கடசில ஒண்ணே ஒண்ணு வெச்சான். அந்த ஒரு வெளக்குக்குத்தான் சார் இந்தப் பேரு."

அன்றைக்கு அந்தத் தெருவில் யார் யார் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஆட்டோ ஓட்டுநர் சொன்னார். கறிக்கடை பாய் 'லாந்தர்பேட்' என்று வாலை நறுக்கிச் சொன்னார். பால் ஊற்ற வந்த கன்னடக்காரர் 'லாந்தர்பேட்டெ' என்று நீட்டிச் சொன்னார். கம்பெனியின் எந்தக் காகிதத்திலும் இல்லாத ஊர், எல்லார் வாயிலும் உயிரோடு இருந்தது. பழைய புத்தகக் கடை ஒன்றில் கண்டோன்மென்ட் மேப்பின் நகல் கிடைத்தது. அதிலும் அந்தப் பெயர் இருந்தது. கிணறு ஒன்று, தெரு ஒன்று, பக்கத்தில் ஒரு புள்ளி. புள்ளிதான் தூண். கம்பெனியின் சர்வேயரையே கூப்பிட்டு, டேப் வைத்து அளந்து, பழைய மேப்பைப் புது லேஅவுட் பிளான்மேல் பொருத்தினோம். அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது.

பிரவீண் துள்ளிக் குதித்தார். "லாந்தர்ன்பேட் ரெசிடென்சஸ்! சேர்மன் அழுதுருவார் சார்."

சேர்மன் அழவில்லை. வாசனை நிபுணரை வரவழைத்தார்.

ஆறாம் பக்கம்

பிரவுச்சர் ஆங்கிலத்தில்தான் வரும். நான் தமிழில் எழுதிப் பிறகு மாற்றுவேன். ஆறாம் பக்கத்துக்கு எழுதியது இது:

'இந்த மண்ணுக்கு லாந்தர்பேட்டை என்று பெயர். ஊருக்கெல்லாம் வெளிச்சம் சுமந்தவர்கள் இதே இடத்தில் குடியிருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் தெருவில் எரிந்த ஒரே விளக்கின் தூண், நமது பி டவரின் வாசலுக்கு நேர் எதிரே இன்னும் நிற்கிறது.'

எதிர்ப் பக்கத்தில் இரண்டு மேப்பும் ஒன்றின்மேல் ஒன்று.

பிரவீண் படித்தார். கண்ணை மூடித் தலையாட்டினார். பிறகு பேனாவை எடுத்தார்.

"'இன்றும் இருக்கிறார்கள்', அத மட்டும் எடுத்துருங்க சார். பையர்ஸ் பயப்படுவாங்க."

எடுத்தேன். இரண்டே வார்த்தைகள். பெயர் வேண்டும், பெயருக்கு உரியவர்கள் வேண்டாம். அன்றைக்கு எனக்கு அது எடிட்டிங்காக மட்டும் பட்டது. சம்பளம் வந்த வாரம் அது.

ரிவ்யூ மீட்டிங்

அச்சுக்குப் போக இரண்டு நாள் இருந்தது. எங்கள் லீகல் மேனேஜர் ஹெக்டே, கன்னடம் கலந்த தமிழில், புராஜெக்ட் மீட்டிங்கில் வடக்கு மூலையைப் பற்றிப் பேசினார். அந்த இருபத்தாறு வீடுகளையும் காலி செய்யச் சொல்லி கம்பெனி வருவாய்த் துறை அதிகாரியிடம் மனு போட்டிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அவங்க கையில ஹக்குபத்திரம் இருக்கு," என்றார். அரசாங்கம் குடியிருப்பவர்களுக்குக் கொடுக்கும் உரிமைப் பத்திரம். "இல்லேன்னு சொல்லல. ஆனா நோடி, பாருங்க, பத்திரத்துல என்ன எழுதியிருக்கு? 'லாந்தர்பேட்டை'. சர்வே நம்பர் இல்ல. நம்ம லேண்ட்ல அந்தப் பேர்ல இடமே இல்ல. நம்மது சுபோதயா லேஅவுட். அவங்க லாந்தர்பேட்டை ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் எங்கியோ இருந்திருக்கும். அங்க போய்த் தேடிக்கட்டும். அஷ்டே, அவ்வளவுதான்!"

அவர் முதுகுக்குப் பின்னால் ஆறடி உயர விளம்பரத் தட்டி, ஸ்டாண்டி என்பார்கள், ஒன்று நின்றது. லாந்தர்ன்பேட் ரெசிடென்சஸ். வரலாற்றுக்கு வீடு திரும்புங்கள்.

நான் கையைத் தூக்கினேன். "சார், நம்ம புராஜெக்ட் பேரே..."

"அது பிராண்ட் பேர் சாமி! பாரிஸ்னு பேர் வெச்சா எய்ஃபில் டவர் கட்டிக் குடுக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மனதுக்குள் தூணிலிருந்து பி டவர் வரைக்கும் டேப் பிடித்து அளந்தேன். பெயரைப் பிராண்ட் என்று தள்ளிவிடலாம். ஆறாம் பக்கம் 'இதே இடத்தில்' என்கிறது. மேப் போட்டுக் காட்டுகிறது.

தம்பிகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் கம்பெனியில் எந்தப் பிரவுச்சரும் லீகல் கையெழுத்து இல்லாமல் அச்சுக்குப் போகாது. ஆனால் லீகல் பார்ப்பது கடைசிப் பக்கத்தை மட்டும். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் டிஸ்கிளைமர் இருக்குமே, அது. முன்பக்கங்கள் கவிதை. கவிதையை யாரும் படிப்பதில்லை என்பது எனக்குச் சிறுபத்திரிகைக் காலத்திலேயே தெரியும். கம்பெனி அதை ஒரு நடைமுறையாகவே வைத்திருந்தது.

அப்ரூவல் ஃபாரத்தை நானே எடுத்துக்கொண்டு ஹெக்டேயின் அறைக்குப் போனேன்.

"சார், ஆறாம் பக்கத்த ஒரு தடவ படிச்சிருங்க."

"ஏன்ரீ, தப்பு இருக்கா?"

"தப்பு இல்ல சார். எல்லாம் சரியா இருக்கு."

"சரியா இருந்தா நான் எதுக்குப் படிக்கணும்? அதெல்லாம் உங்க லிட்ரேச்சர். லாஸ்ட் பேஜ் குடுங்க." பேனாவால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். "'வர்ணனைகள் கற்பனையே, கம்பெனியைக் கட்டுப்படுத்தாது'. இதோ, இருக்கு. போதும்."

கையெழுத்துப் போட்டார். நான் ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டாவது தடவையும் சொல்லியிருக்கலாம். கதவு வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தேன். அவர் கூப்பிடவில்லை, நானும் திரும்பவில்லை.

திறப்பு விழா

ஷெட்டில் நூறு லாந்தர்கள். உள்ளே பேட்டரி பல்பு. வாசனை மெஷின் புஸ்புஸ்ஸென்று சந்தன மண்ணெண்ணெயைத் தூவியது. வெள்ளை லினன் சட்டைக்காரர்கள் கண்ணை மூடி, தாங்கள் ஒருநாளும் வாழாத இருட்டை ஆழ முகர்ந்தார்கள். முன்பதிவுக்கு வரிசை நின்றது.

கூட்டம் கலைந்தபின் தனபாக்கியம் கப்புகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

"சார், இந்தப் புக்குல ஒண்ணு எடுத்துக்கட்டா? வாசனையா கீது. துணி பீரோல வெக்கலாம்."

கொடுத்தேன்.

"ஆறாம் பக்கம் மட்டும் கசங்காம வெச்சுக்கோங்கம்மா."

"அதுல இன்னா கீது?"

"ஊர் பேரு."

ஏப்ரனில் துடைத்த கையால் வாங்கி, குப்பைப் பையில் படாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அவர் மகளுக்கு வரும். அந்தத் தெருவுக்காகப் பணம் வாங்காமல் வாதாடிய வக்கீலுக்கு இன்னும் நன்றாக வரும்.

விசாரணை

மூன்று வாரம் கழித்து ஹெக்டே என் மேசைக்கு வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. கையில் எங்கள் பிரவுச்சர். ஆறாம் பக்கத்தில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது.

"நாளைக்கு என்கூட வர்றீங்க. ஆபீசர் கேட்டா ஒரே வரி. இது கற்பனை. நான் கவிஞர், சும்மா அழகுக்கு எழுதினேன். அஷ்டே. டிஸ்கிளைமர் மிச்சத்தப் பார்த்துக்கும்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா உங்களுக்கும் ஒரு டிஸ்கிளைமர் வரும்."

விசாரணை அறையில் ஒரு பக்கம் நாங்கள். எதிர்ப்பக்கம் தனபாக்கியமும் தெருக்காரர்கள் நாலைந்து பேரும். அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஹக்குபத்திரம். லேமினேஷனுக்குள் பழுப்பேறிய காகிதம். இருபத்தாறு வீடுகளின் கூரையும் அந்தக் கவருக்குள் மடங்கிக் கிடந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் ஷெட்டுக்கு லீவ் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அதிகாரி ஒரு பெண்மணி. பேச்செல்லாம் கன்னடத்தில் நடந்தது. இங்கே தமிழில் தருகிறேன். பிரவுச்சரைப் புரட்டினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுல என்ன வாசனை?"

"சந்தனமும் மண்ணெண்ணெயும் மேடம்," என்றார் ஹெக்டே. "எல்லாமே கற்பனைதான். எழுதினவரே வந்திருக்காரு."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இது கற்பனையா?"

அந்த நேரத்தில் எனக்குள் வீரம் எதுவும் பொங்கவில்லை. மாதத் தவணை ஞாபகம் வந்தது. ஐம்பது வயதில் என்னை அடுகோடியிலிருந்து யார் கூப்பிட்டு வேலை தருவார்கள் என்று தோன்றியது. கூடவே வேறொன்றும் வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். இருபத்தைந்து வருஷமாக எழுதுகிறேன். ஒரு வரியைக் காட்டி இது உண்மையா என்று யாரும் என்னைக் கேட்டதே இல்லை. முதல் தடவை கேட்கிறார்கள். அதற்கும் பொய் சொல்லவா?

"சந்தனம் கற்பனை மேடம்," என்றேன். "மண்ணெண்ணெய் உண்மை. தூண் அங்கதான் நிக்குது. கம்பெனி சர்வேயரே டேப் புடிச்சு அளந்தாரு. அளவு மேப்புல இருக்கு."

ஹெக்டே எழுந்தார். "மேடம், கடைசிப் பக்கம் பாருங்க. வர்ணனைகள் கட்டுப்படுத்தாதுன்னு தெளிவா..."

"இதப் பார்த்து எத்தன பேர் வீடு புக் பண்ணியிருக்காங்க?"

ஹெக்டே ஃபைலைப் புரட்டத் தொடங்கினார். கூட வந்திருந்த பிரவீண் எண்ணிக்கையைச் சொன்னார். பெருமையாகச் சொன்னார், பாவம்.

"அவ்வளவு பேருக்கும் இது லாந்தர்பேட்டைன்னு வித்திருக்கீங்க. இவங்களுக்கு மட்டும் இது லாந்தர்பேட்டை இல்ல." அதிகாரி பிரவுச்சரை மூடினார். "பொய்னா, வாங்கினவங்களுக்கு எழுதிக் குடுங்க. நிஜம்னா, இவங்க பத்திரம் இந்த நிலத்துக்குத்தான். ரெண்டுல ஒண்ணு. அடுத்த வாரம்."

கம்பெனி ஒரு வாரம் யோசித்தது. மனசாட்சிப்படி அல்ல; முன்பதிவு செய்தவர்கள் இருபத்தாறு வீட்டாரைவிட அதிகம், அவர்களிடம் வக்கீல்களும் அதிகம். நிஜம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மனுவைத் திரும்பப் பெற்றார்கள். அந்த வீடுகள் இருந்த இடத்தில் எழவிருந்த பி டவரைப் பிளானிலிருந்து எடுத்துவிட்டார்கள். தூண் இருந்த இடத்திலேயே இருந்தது. யார் வீட்டுத் துண்டாவது அதன்மேல் காய்ந்தது.

வெளியேறியது

எனக்கு ரீஸ்ட்ரக்சரிங் என்றார்கள். பிரவீண் கட்டிப்பிடித்து, "யூ ஆர் எ லெஜண்ட் சார்," என்று காதில் சொல்லிவிட்டு, மாற்று பிரவுச்சரின் முதல் புரூஃபைப் பார்க்க ஓடினார். ரிசப்ஷனில் அந்த இடித்த பங்களாவின் படத்தை ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். இப்போது புரிந்தது.

லிஃப்ட் வாசலில் ஹெக்டே நின்றார். திட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"ஆறாம் பக்கத்த நாலு தடவ படிச்சேன்ரீ," என்றார், லிஃப்ட்டின் எண்களைப் பார்த்துக்கொண்டே. "நல்லா எழுதியிருக்கீங்க. அதான் பிரச்சினை."

என் எழுத்துக்கு வந்த மதிப்புரைகளிலேயே நேர்மையானது அது.

தம்பிகளே, தங்கைகளே, நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். கடைசிப் பக்கத்தில் பொய் என்று எழுதிவிட்டால் முன்பக்கத்தில் எதையும் சொல்லலாம் என்று உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். சொல்லலாம்தான்; உண்மையைக்கூடச் சொல்லலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் 'இன்றும் இருக்கிறார்கள்' என்ற இரண்டு வார்த்தைகளை நான் எடுத்தேனே, அது இன்றும் உறுத்துகிறது. மேப் இல்லாதிருந்தால், தூணை யாராவது பழைய இரும்புக்குப் போட்டிருந்தால், அந்த இரண்டு வார்த்தைகள்தான் அவர்களுக்கு மிச்சம். பழைய பெயரை எடுத்துப் புதுசாக விற்கச் சொன்னால் விற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் இன்னும் யார் தூங்கி எழுகிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அலமாரியில் பிரவுச்சர் கிடைத்த அன்று அங்கே போனேன். கேப் ஆப்பில் லாந்தர்பேட்டை என்று அடித்தால் இப்போது உடனே வருகிறது. ஆனால் டவர் கேட்டில்தான் இறக்கிவிடுகிறது. செக்யூரிட்டி என்னை மேலும் கீழும் பார்த்து எந்த ஃபிளாட் என்று கேட்டார். அசல் தெரு எந்தச் சுவருக்குப் பின்னால் போய்விட்டது என்று தெரியாமல் தனபாக்கியத்துக்கு போன் செய்தேன். அவரே வந்து, சுவரோரச் சந்து வழியாகக் கூட்டிப்போனார். ஷெட் வேலை எப்போதோ போய்விட்டது. இப்போது ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். வீட்டுக்குள் பீரோவைத் திறந்து காட்டினார். ஒரே பிளாஸ்டிக் கவரில் ஹக்குபத்திரமும் ஆறாம் பக்கமும் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தன. புடவையெல்லாம் சந்தன மண்ணெண்ணெய் வாசம்.

"வாசனயே போவ மாட்டேங்குது சார். கல்யாணத்துக்குக் கட்டினு போனா, ஸ்டவ் வெடிச்சிச்சான்னு கேக்கறாங்க."

காபி குடித்தேன். கிளம்பும்போது தூண் வரைக்கும் கூட வந்தார். அதன்மேல் கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அடுத்த தபா வந்தா, வழி தெரியலன்னு போன் பண்ணாதீங்க சார். மேப்பு போட்டதே நீங்கதான?"